தினமும் ‘எஃப்1 அழுத்து’ என்று நிற்கும் கணினி: காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழு வழிகாட்டி

அக்கா வீட்டுக் கணினி மூன்று வருடங்களாக எந்தக் காலையிலும் நேராக விண்டோஸுக்குப் போனதில்லை. சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரிகள் வரும்: ‘சிமாஸ் செக்சம் எரர் – டிஃபால்ட்ஸ் லோடட். பிரஸ் எஃப்1 டு கன்டினியூ, டெல் டு என்டர் செட்டப்’. அத்தான் எஃப்1-ஐத் தட்டுவார். விண்டோஸ் வரும். கீழே வலது மூலையில் 2009 ஜனவரி 1 என்று இருக்கும். சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியைப் பார்த்துத் தேதியைத் திருத்திவிட்டு வேலையைத் தொடங்குவார். மறுநாள் காலை மறுபடியும் அதே கதை.

இதற்காக இரண்டு முறை சர்வீஸ் கடைக்குப் போயிருக்கிறது. இரண்டு முறையும் ‘விண்டோஸ் கரப்ட் ஆகிவிட்டது’ என்று ஃபார்மட் அடித்துக் கொடுத்தார்கள். இரண்டாவது முறை டி டிரைவையும் சேர்த்து அழித்துவிட்டார்கள். பிள்ளைகளின் சின்ன வயதுப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. படங்கள் போயின, பிழைச் செய்தி போகவில்லை. போகவும் போகாது. ஏனென்றால் அந்தச் செய்தி விண்டோஸ் கண் திறப்பதற்கு முன்பே வருகிறது. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டால் அது எப்படித் தீரும்? கடைசியில் நான் போய் மாற்றியது, கணினிக்குள் எல்லா உறுப்புகளும் மாட்டியிருக்கும் பலகையான மதர்போர்டில் இருக்கும் ஒரு பட்டன் செல். அவ்வளவுதான்.

அந்தப் படங்கள் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. இன்னொரு வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன். கணினியைத் திறந்தே பார்க்காதவர்களும் நிதானமாகச் செய்துவிடலாம்.

செய்தி எந்த இடத்தில் வருகிறது?

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கணினியைப் போட்டதும் மதர்போர்டில் உள்ள பயாஸ் என்ற சின்ன மென்பொருள் எழுந்து கீபோர்டு, மெமரி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் இருக்கின்றனவா என்று சரிபார்க்கும். அது முடிந்த பிறகுதான் விண்டோஸின் நான்கு சதுரப் படமும் சுற்றும் புள்ளிகளும் வரும். உங்கள் பிழைச் செய்தி அந்தப் படத்துக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா?

முன்னால் வந்தால் அது பயாஸ் சொல்வது. வன்பொருளிலோ பயாஸ் அமைப்பிலோ கோளாறு. இதற்காக விண்டோஸ் புதிதாகப் போட வேண்டும் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

டெஸ்க்டாப் வந்த பிறகு சின்னப் பெட்டியாக வந்தால் அது வேறு. அங்கே அடிக்கடி வருவது ‘ரன்டிஎல்எல்’ என்ற தலைப்போடு, ‘குறிப்பிட்ட மாட்யூலைக் காணவில்லை’ என்ற பொருளில் வரும் செய்தி. ஒரு புரோகிராமை நீங்கள் நீக்கியிருப்பீர்கள், அல்லது வைரஸ் என்று ஆன்டிவைரஸ் அதன் கோப்பைத் தூக்கியிருக்கும். ஆனால் ‘தொடங்கும்போது இதை ஓட்டு’ என்ற கட்டளை மட்டும் பட்டியலில் தங்கிவிட்டது. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் பகுதியில் அந்தப் பெயரைத் தேடி டிசேபிள் செய்யுங்கள். அங்கே இல்லையென்றால் டாஸ்க் ஷெட்யூலரில் பாருங்கள். அதிலும் அகப்படாவிட்டால் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஆட்டோரன்ஸ் என்ற கருவி, தானாகத் தொடங்கும் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் காட்டும். கோப்பு இல்லாத வரிகளை மஞ்சள் நிறத்தில் காட்டும். காணவில்லை என்று சொல்லும் டிஎல்எல் கோப்பை ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கிப் போடும் வேலை மட்டும் வேண்டாம். அது பெரும்பாலும் வைரஸை வாசலில் வைத்து அழைப்பது.

இனி மீதி எல்லாம் முதல் வகையைப் பற்றி.

வரியை எழுத்து விடாமல் படியுங்கள்

‘எஃப்1 கேட்கிறது’ என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. எஃப்1-ஐக் கேட்கும் செய்திகள் பல. செல்போனில் திரையைப் படம் எடுத்துவிடுங்கள். செய்தி சட்டென்று மறைந்தால் வீடியோவாக எடுத்து நிறுத்திப் பாருங்கள்.

‘சிமாஸ் செக்சம்’, ‘சிமாஸ் பேட்டரி லோ’, ‘டேட் அண்ட் டைம் நாட் செட்’ என்ற சொற்களில் ஏதாவது இருந்தால் பட்டன் செல் பக்கம்தான் போக வேண்டும். பிராண்டு கணினிகளில் சொல் கொஞ்சம் மாறும். டெல்லில் ‘டைம்-ஆஃப்-டே நாட் செட்’ அல்லது ‘சிஸ்டம் பேட்டரி வோல்டேஜ் இஸ் லோ’ என்று வரும். எச்பியில் 163 என்ற எண்ணோடு தேதி, நேரம் அமைக்கப்படவில்லை என்று வரும். லெனோவாவில் 0251 என்றால் செக்சம் தவறு, 0271 என்றால் தேதியைச் சரிபார்க்கச் சொல்கிறது. எல்லாம் ஒரே நோயின் வெவ்வேறு பெயர்கள்.

‘சிபியு ஃபேன் எரர்’ என்று இருந்தால் உடனே கணினியை அணைத்துவிடுங்கள். விசிறி சுற்றவில்லை, அல்லது அதன் வயர் மதர்போர்டில் வேறு இடத்தில் சொருகப்பட்டிருக்கிறது. அதைத் தினமும் எஃப்1 தட்டித் தாண்டிப் போவது பிராசஸரை அடுப்பில் வைப்பது மாதிரி. ‘கீபோர்டு எரர்’ என்றால் கீபோர்டு வயரைக் கழற்றி, பின்பக்கம் உள்ள வேறு துளையில் போட்டுப் பாருங்கள்.

‘ஃப்ளாப்பி டிஸ்க் ஃபெயில் 40’ என்று வந்தால் குழப்பமாக இருக்கும். வீட்டில் ஃப்ளாப்பியே கிடையாதே! இதுவும் பழைய மதர்போர்டில் செல் தீர்ந்ததன் அடையாளம்தான். அமைப்புகள் அழிந்து தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும்போது, ‘1.44 எம்பி ஃப்ளாப்பி டிரைவ் உண்டு’ என்ற பழைய அமைப்பும் திரும்பி வந்துவிடுகிறது. பயாஸ் அதைத் தேடிக் காணாமல் புகார் சொல்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் மின்சாரம் இல்லாமல் ஓடும் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு முறை போடும்போதும் ‘இன்று என்ன தேதி, இப்போது என்ன மணி’ என்று அன்றைய இயங்குதளமான டாஸ் கேட்கும். நாம்தான் தட்ட வேண்டும். 1984-ல் வந்த ஐபிஎம் பிசி ஏடியில் ஒரு சின்ன சில்லை வைத்து, அதற்கு ஒரு பேட்டரியும் கொடுத்தார்கள். பிழைச் செய்தியில் வரும் ‘சிமாஸ்’ என்பது இந்தச் சில்லைத்தான். அதில் இருந்த இடம் மொத்தமே 64 பைட். அதில் ஒரு பங்கு கடிகாரத்துக்கு, மீதி ‘எந்த டிஸ்க் இருக்கிறது, எவ்வளவு மெமரி’ போன்ற அமைப்புகளுக்கு. அந்த ஏற்பாடுதான் கொஞ்சம் பெரிதாகி இன்றைய மதர்போர்டிலும் இருக்கிறது. கடிகாரத்துக்குத் துடிப்புக் கொடுக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. உங்கள் கைக்கடிகாரத்தில் இருக்கும் படிகமும் அதே எண்ணிக்கைதான்.

செக்சம் என்றால் என்ன? மளிகைக் கடைச் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பருப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு, கீழே மொத்தம். சீட்டு நனைந்து ஓர் எண் அழிந்தால், திரும்பக் கூட்டும்போது மொத்தம் இடிக்கும். பயாஸும் அப்படியே தான் சேமித்த அமைப்புகளைக் கூட்டி மொத்தத்தைப் பக்கத்தில் எழுதி வைக்கிறது. காலையில் திரும்பக் கூட்டிப் பார்க்கும்போது இடித்தால், ‘இதை நம்ப முடியாது, தொழிற்சாலை அமைப்பைப் போட்டுக்கொண்டேன், சரியா?’ என்று உங்களிடம் கேட்கிறது. எஃப்1 என்பது நீங்கள் சொல்லும் ‘சரி’.

புதிய மதர்போர்டுகள் பலவற்றில் அமைப்புகள் பேட்டரி தேவைப்படாத ஃப்ளாஷ் மெமரியில் இருக்கும். அவற்றில் செல் தீர்ந்தால் தேதியும் நேரமும் மட்டும் போகும், மற்றவை அப்படியே இருக்கும். செய்தியும் தேதியைப் பற்றி மட்டும் வரும்.

ஒரு ராத்திரிச் சோதனை

இதற்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம். இது தெரிந்திருந்தால் அக்கா வீட்டுப் படங்கள் இன்று இருந்திருக்கும்.

கணினியை ஷட் டவுன் செய்த பிறகும், பிளக் சுவரில் மாட்டியிருந்து சுவிட்சும் போட்டிருந்தால், எஸ்எம்பிஎஸ் என்ற மின்சாரப் பெட்டி 5 வோல்ட் மின்சாரத்தை மதர்போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கடிகாரம் செல்லைத் தொடாது. நம் வீடுகளில் வேலை முடிந்ததும் யுபிஎஸ், ஸ்டெபிலைசர், சுவர் சுவிட்ச் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த நொடியிலிருந்து கடிகாரம் முழுக்கச் செல்லை நம்பி இருக்கிறது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். இன்று தேதி, நேரத்தைச் சரிசெய்து, ஷட் டவுன் கொடுத்துவிட்டு, சுவர் சுவிட்சை மட்டும் அணைக்காமல் விடுங்கள். இடி மின்னல் உள்ள இரவு வேண்டாம், மின்தடை இல்லாத இரவாகப் பாருங்கள். காலையில் போட்டால் செய்தி வராமல் நேராக விண்டோஸ் வருகிறதா? அடுத்த இரவு சுவிட்சை வழக்கம்போல் அணையுங்கள். மறுநாள் காலை செய்தி திரும்ப வந்ததா? அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம், செல்தான்.

செல் முழுவதும் தீராமல் பாதி நிலையில் இருந்தால் இன்னொன்று நடக்கும். தேதி 2009-க்கு ஓடாது. கடிகாரம் மட்டும் பின்தங்கும். ராத்திரி 10.40-க்கு அணைத்த கணினி காலை 7 மணிக்கு 10.55 என்று காட்டும். எழுத்தில் எந்தப் பிழையும் வராத இந்தக் கட்டத்திலேயே செல்லை மாற்றிவிடுவது உத்தமம்.

சுவிட்ச் போட்டிருந்த இரவுக்குப் பிறகும் செய்தி வந்தால் செல் மட்டும் காரணமாக இருக்காது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

செல் வாங்கும்போது

மேசைக் கணினிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் இருப்பது சிஆர் 2032. இந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 மில்லிமீட்டர் தடிமன். சிஆர் 2025, சிஆர் 2016 எல்லாம் அதே வட்டம், ஆனால் மெலிந்தவை. தாங்கியில் லூசாக நிற்கும். எல்ஐஆர் 2032 என்று ஒன்று உண்டு, பார்க்க அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். அது சார்ஜ் ஏற்றும் வகை, வோல்டேஜ் வேறு, வாங்காதீர்கள்.

இதற்குக் கணினிக் கடை தேட வேண்டியதில்லை. கைக்கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடையில் கிடைக்கும். எடை பார்க்கும் மெஷினுக்கும், கார் சாவி ரிமோட்டுக்கும் பல நேரம் இதே செல்தான். ஆனால் அட்டையில் தனித்தனியாக மூடி, காலாவதி தேதி அச்சிட்டு வருவதைக் கேட்டு வாங்குங்கள். டப்பாவில் குவியலாகப் போட்டு வைத்திருக்கும் செல்கள் ஒன்றோடொன்று உரசியே சக்தியை இழந்திருக்கும். முடிந்தால் கடையிலேயே வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் காட்டச் சொல்லுங்கள்: புதிய செல் 3 வோல்ட்டுக்குக் குறையாமல், 3.3 வரை காட்டும்.

எத்தனை வருடம் வரும்? இந்தச் செல்லின் கொள்ளளவு சுமார் 220 மில்லிஆம்பியர் மணி. கடிகாரம் 5 மைக்ரோஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், வருடம் முழுக்கச் செல்லிலேயே ஓடினாலும் 44 மில்லிஆம்பியர் மணிதான் ஆகும். 5 வருடம் வரும் கணக்கு. பகலில் மின்சாரத்தில் ஓடும் நேரத்தைக் கழித்தால் இன்னும் கூடும். சூடான அறை, பழைய சரக்கு, தூசும் ஈரமும் படிந்த மதர்போர்டு என்றால் குறையும். ஆறு மாதத்தில் தீர்ந்தால் அது செல்லின் குற்றமாக மட்டும் இருக்காது.

திறப்பதற்கு முன்னால்

மூன்று காரியங்களை முடித்துக்கொள்ளுங்கள். படங்கள், பத்திரங்கள், கணக்குகள் என இழக்க முடியாதவற்றை ஒரு பென் டிரைவிலோ வெளி டிஸ்கிலோ நகல் எடுங்கள். செல் மாற்றுவதால் டிஸ்கில் எதுவும் அழியாது. இருந்தாலும் கணினியைத் திறக்கும் நாள்தான் நகல் எடுக்க நமக்கு ஞாபகம் வரும் நாள்.

இரண்டாவது, விண்டோஸ் 10 அல்லது 11 வைத்திருப்பவர்களுக்கு. டிஸ்க் என்கிரிப்ஷன், அதாவது பிட்லாக்கர், இயங்குகிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். இயங்கினால், பயாஸ் அமைப்பு மாறியதும் விண்டோஸ் சந்தேகப்பட்டு 48 இலக்க ரிகவரி கீயைக் கேட்கக்கூடும். அந்தக் கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். முன்பே எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீ கையில் இல்லாமல் அந்தத் திரையில் மாட்டினால் உள்ளே இருப்பதை யாராலும் எடுத்துத் தர முடியாது. இந்த ஒரு விஷயத்தில் அலட்சியம் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, பயாஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுங்கள். போட்டதும் விடாமல் தட்ட வேண்டிய விசை: அசெம்பிள் செய்த கணினியில் பெரும்பாலும் டெலீட், டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவாவில் எஃப்1 அல்லது எஃப்2. முக்கியமாக இரண்டு பக்கங்கள் வேண்டும்: எந்த டிஸ்கிலிருந்து தொடங்குவது என்ற ‘பூட்’ வரிசை இருக்கும் பக்கம், டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது என்ற ‘சாட்டா மோட்’ இருக்கும் பக்கம்.

செல்லை மாற்றுவது

ஷட் டவுன் செய்யுங்கள். சுவிட்சை அணைத்து, பவர் வயரைச் சிபியு பெட்டியின் பின்பக்கத்திலிருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது, வயர் வெளியே வர வேண்டும். பிறகு முன்பக்கப் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரம் வடிந்துவிடும்.

பெட்டியை மேசைமேல் படுக்கவைத்து, பக்கவாட்டுத் தகட்டின் பின்னால் உள்ள இரண்டு ஸ்குருவைக் கழற்றித் தகட்டைப் பின்னோக்கி இழுங்கள். உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒரு முறை தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். மூன்று, நான்கு வருடத் தூசு இருந்தால் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மெல்லத் தட்டிவிடலாம், ஈரத்துணி கூடாது.

செல்லைக் கண்டுபிடிப்பது சுலபம்: ஒரு ரூபாய் நாணயம் மாதிரி பளபளவென்று, கறுப்பு வளையத்துக்குள் படுத்திருக்கும். கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும் கணினிகளில் அதற்கு அடியில் ஒளிந்திருக்கலாம். அப்போது கார்டைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றும் முன் ஒரு படம் எடுங்கள். மேலே தெரியும் பக்கத்தில் கூட்டல் குறியும் எண்ணும் அச்சிட்டிருக்கும். புதிய செல்லும் அதே முகம் மேலே தெரிய உட்கார வேண்டும்.

மல்டிமீட்டர் இருந்தால் இங்கேயே ஒரு முறை அளந்துவிடுங்கள். டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைச் செல்லின் முகத்திலும் கறுப்பு முனையைப் பெட்டியின் இரும்பிலும் வையுங்கள். அக்கா வீட்டுச் செல் 1.9 காட்டியது. 2.7-க்குக் கீழே போனாலே மாற்றிவிடலாம்.

வளையத்தின் ஓரத்தில் சின்ன உலோக நாக்கு ஒன்று செல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை நகத்தாலோ, தீக்குச்சி முனையாலோ வெளிப்பக்கம் தள்ளினால் செல் தானே ஒரு பக்கம் எழும்பும். கீழே ஸ்குரு டிரைவரைக் கொடுத்து நெம்பாதீர்கள். தாங்கியின் அடியில் இருக்கும் மெல்லிய கம்பி வளைந்துவிட்டால், எத்தனை புதுச் செல் போட்டாலும் தொடர்பு கிடைக்காது.

புதிய செல்லைக் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து, ஓரத்தை மட்டும் பிடியுங்கள். நாக்குக்கு எதிர்ப்பக்கத்தை முதலில் சாய்வாகச் செருகி, பிறகு மேலிருந்து மெல்ல அழுத்துங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அமைப்புகள் அழியக் கூடாது என்பதற்காக மின்சாரம் போட்டபடியே செல்லை மாற்றுகிறவர்களும் உண்டு. வேண்டாம். கைநழுவி உலோகச் செல் ஓடும் மதர்போர்டில் விழுந்தால் போவது மதர்போர்டு.

பயாஸில் திரும்பச் சொல்லிக்கொடுப்பது

இப்போது வயரைப் போட்டு இயக்குங்கள். முதல் முறை அதே பிழைச் செய்தி வரத்தான் செய்யும், பயப்படாதீர்கள். செல்லைக் கழற்றியதும் மிச்சமிருந்ததும் அழிந்திருக்கும், அதைத்தான் சொல்கிறது. இந்த முறை எஃப்1-ஐத் தட்டிக் கடந்து போகாமல் செட்டப்புக்குள் போங்கள்.

‘லோடு ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்’ கொடுங்கள். பிறகு தேதி. இங்கே பலர் தவறுகிறார்கள்: பயாஸில் பெரும்பாலும் மாதம் முதலில், நாள் இரண்டாவதாக இருக்கும். ஆகஸ்ட் 5-ஐ நம் வழக்கப்படி 05/08 என்று போட்டால் அது மே 8 ஆகிவிடும். நேரம் 24 மணிக் கணக்கு.

ஃப்ளாப்பி என்ற வரி இருந்தால் ‘நன்’ அல்லது ‘டிசேபிள்டு’ என்று மாற்றுங்கள். பூட் வரிசையில் விண்டோஸ் இருக்கும் டிஸ்க் முதலில் இருக்கட்டும்.

அடுத்து சாட்டா மோட். எடுத்து வைத்த படத்தோடு ஒப்பிடுங்கள். பழைய போர்டுகளில் தொழிற்சாலை அமைப்பு ‘ஐடிஇ’ என்று இருக்கும். விண்டோஸ் போடப்பட்டபோது ‘ஏஎச்சிஐ’ என்று இருந்திருக்கலாம். இரண்டும் பொருந்தாவிட்டால் விண்டோஸ் பாதி வழியில் நீலத் திரையோடு நிற்கும், கடைசியில் 7பி என்று முடியும் ஓர் எண்ணோ, ‘இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்ற சொல்லோ இருக்கும். இதைப் பார்த்துத்தான் பல இடங்களில் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டி ஃபார்மட் அடிக்கிறார்கள். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்த ஒரு அமைப்பை மறுபடி ஏஎச்சிஐக்கு மாற்றினால் எல்லாம் இருந்தபடி வந்துவிடும். படம் எடுக்காமல் விட்டிருந்தால் இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். எது ஓடுகிறதோ அதுதான்.

எஃப்10 தட்டி, ‘எஸ்’ கொடுத்துச் சேமித்து வெளியே வாருங்கள். சேமிக்காமல் வந்தால் செய்ததெல்லாம் வீண்.

‘எஃப்1-க்காகக் காத்திருக்காதே’ என்று பயாஸில் ஓர் அமைப்பு உண்டு, அதை மாற்றிவிட்டால் முடிந்தது என்று யாராவது சொல்வார்கள். செல் தீர்ந்த கணினியில் சுவிட்சை அணைத்ததும் அந்த அமைப்பே அழிந்துவிடலாம். அழியாவிட்டாலும், நாளை விசிறி நின்றால் அதையும் சொல்லாமல் கணினி ஓடும். அதைத் தொடாதீர்கள்.

விண்டோஸ் பக்கம்

தேதி தவறாக இருந்த நாட்களில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள்: வங்கித் தளம், மின்னஞ்சல் எதுவுமே திறக்காமல், ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று பிரவுசர் மறுக்கும். ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் இந்த நாள் முதல் இந்த நாள் வரை என்று காலம் உண்டு. உங்கள் கணினி 2009-ல் நிற்கும்போது, அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. இணையம் போய்விட்டது என்று கம்பெனிக்குப் போன் போடும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

இணையம் இருந்தால் விண்டோஸ் தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளாதா? கொஞ்சம் பிசகினால் திருத்தும். வீட்டுக் கணினியில் வழக்கமான அமைப்புப்படி வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால், அது தானாகத் திருத்த மறுத்துவிடும். அதனால் தேதியைக் கையால் போட்டுவிட்டு, செட்டிங்ஸில் ‘டேட் அண்ட் டைம்’ பக்கத்தில் ‘சிங்க் நவ்’ அழுத்துங்கள். டைம் சோன் பட்டியலில் ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி’ என்ற வரி இருக்க வேண்டும். இலங்கையில் இருப்பவர்களுக்கு ‘ஸ்ரீ ஜயவர்தனபுர’ என்று தனி வரி உண்டு. டைம் சோன் தவறாக இருந்தால் எத்தனை முறை சிங்க் செய்தாலும் நேரம் சில மணி தள்ளியே நிற்கும்.

அன்றிரவு சுவர் சுவிட்சை வழக்கம்போல் அணைத்துவிடுங்கள். காலையில் நேராக விண்டோஸ் வந்து, நேரமும் சரியாக இருந்தால் வேலை முடிந்தது. செல் மாற்றிய தேதியை ஒரு சின்ன டேப்பில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டிவிடுங்கள்.

மாற்றியும் செய்தி வந்தால்

முதலில் மறுபடி செல்லைத்தான் பாருங்கள்: தலைகீழாக இருக்கிறதா, நன்றாக உட்கார்ந்திருக்கிறதா, கடையில் கிடந்து தீர்ந்த சரக்கா. பிறகு செல்லுக்குப் பக்கத்தில் ‘சிஎல்ஆர் சிமாஸ்’ அல்லது ‘சிஎல்ஆர்டிசி’ என்று எழுதிய இடத்தில் இரண்டு, மூன்று ஊசிகள் நிற்கும். அவற்றில் மாட்டியிருக்கும் சின்ன மூடி ‘கிளியர்’ நிலையில் மாட்டிக்கிடந்தால் அமைப்புகள் எப்போதும் தங்காது. மேனுவலில் உள்ள சாதாரண நிலைக்கு மாற்றுங்கள்.

புதிய செல் சில வாரங்களிலேயே 2.5-க்கு இறங்கினால் மதர்போர்டில் எங்கோ மின்கசிவு. ஈரமும் தூசும் படிந்த போர்டு, பல்லி எச்சம், எறும்புக் கூடு, எதுவாகவும் இருக்கலாம். சுத்தம் செய்து பார்த்தும் தீராவிட்டால் போர்டைக் காட்டத்தான் வேண்டும். செல் நன்றாக இருந்து, சுவிட்சையும் அணைக்காமல் விட்டு, அப்படியும் செக்சம் என்று வந்தால் பயாஸ் சில்லிலோ எஸ்எம்பிஎஸ்ஸிலோ கோளாறு இருக்கலாம். இந்த இரண்டுக்கும் கடைக்குப் போவதில் தப்பில்லை. போகும்போது செய்தியின் படத்தைக் காட்டி, செல்லை மாற்றியாகிவிட்டது என்பதையும் ராத்திரிச் சோதனையில் என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். ‘டிஸ்க்கைத் தொட வேண்டாம், ஃபார்மட் வேண்டாம்’ என்று எழுதிக் கொடுங்கள். மேசைக் கணினியில் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாலும் இந்தச் செய்தியைச் சோதிக்க முடியும்.

லேப்டாப்பில் கதை கொஞ்சம் வேறு. சிலவற்றில் இந்தச் செல்லுக்கு இரண்டு வயர் பற்றவைத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சின்னக் கனெக்டரில் மாட்டியிருப்பார்கள். அதை உரித்து வெறும் செல்லை வைக்க முயலாமல் அந்த மாடலுக்கான செல்லையே வாங்குங்கள். வேறு சிலவற்றில் தனிச் செல்லே கிடையாது. பெரிய பேட்டரிதான் கடிகாரத்தையும் ஓட்டும். அவற்றில் தேதி அழிகிறது என்றால் பெரிய பேட்டரிதான் சோர்ந்திருக்கிறது.

கழற்றிய செல்

இதை மேசைமேல் வைத்துவிட்டு நகராதீர்கள். கணினிக்குத் தீர்ந்துபோன செல், ஒரு குழந்தையின் உணவுக்குழாயைப் புண்ணாக்கப் போதுமான மின்சாரத்தை இன்னும் வைத்திருக்கும். 20 மில்லிமீட்டர் அளவு என்பதால் சின்னக் குழந்தை விழுங்கினால் வழியிலேயே சிக்கிக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வெந்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்கவைக்காமல், எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள். தமிழ்நாட்டில் 108-ஐக் கூப்பிடலாம். புதிய செல் இருந்த அட்டையில் மிச்சச் செல்கள் இருந்தால் அவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான்.

பழைய செல்லின் இரண்டு முகத்தையும் மறைத்து செல்லோடேப் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் போட்டு, எட்டாத உயரத்தில் வையுங்கள். அடுத்த முறை மின்னணுக் கழிவு வாங்கும் இடத்துக்குப் போகும்போது கொடுத்துவிடலாம். அக்கா வீட்டில் அது பரணில், பழைய ரிமோட் பேட்டரிகளோடு ஒரு ஊறுகாய் பாட்டிலில் இருக்கிறது.